ஐந்தடி நிலத்துக்கு ஓர் உரை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய புல்வெளிச் சமவெளியில் வார்ட்டன், எல் காம்போ பக்கம் நெல் விளைகிறது. அந்நாட்டுப் புவியியல் அளவைத் துறை அப்பகுதிக்கு அச்சிட்ட நிலக்கிடப்பு வரைபடத்தில் மலையே இல்லை. அப்படியானால் படிக்க என்ன இருக்கிறது? குறி குறியாகப் பார்ப்போம்.

‘1:24,000’ – தாளில் ஒரு செ.மீ., தரையில் 240 மீட்டர். ஒரு தாள் தெற்கு வடக்காக ஏறக்குறைய 14 கி.மீ. கொள்ளும்.

‘சமஉயரக் கோட்டு இடைவெளி 5 அடி’ – ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் பழுப்புக் கோடுகளில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள உயர வித்தியாசம். தாளின் உயிர்நாடி இதுதான். மலைநாட்டுத் தாள்களில் இது 40 அடிகூட இருக்கும். இங்கே ஐந்தடியாகக் குறைத்தும், ஒரு பழுப்புக் கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மைல் வெறுமையாகக் கிடக்கலாம். வெறுமை என்று தள்ளிவிடக் கூடாது. மழைநீர் வடியத் தயங்கும் நிலம் என்று பொருள். அடியில் களிமண். நெல்லுக்கு வேறென்ன வேண்டும்?

நீலக் கோடு – இரண்டு வகை. நெளிந்து போவது ஓடை. அது தாழ்வில் ஓடும். நேரே போய்ச் சட்டென்று மடங்குவது பாசன வாய்க்கால். அது இரு ஓடைகளுக்கு இடைப்பட்ட மேட்டைப் பிடித்துப் போகும். கொலராடோ ஆற்றிலிருந்து (கிராண்ட் கேன்யன் வழியே போவது வேறு ஆறு) பம்பு வைத்து ஏற்றிய தண்ணீர், அங்கிருந்து தானே வயலுக்கு இறங்க வேண்டும் அல்லவா? பழுப்புக் கோடு சொல்லாமல் விட்ட மேட்டை வாய்க்கால் காட்டிக்கொடுத்துவிடும்.

வட்டமாகச் சுற்றும் பழுப்புக் கோடுகள் – பக்கத்து பிரசோரியா மாவட்டத்தில், டேமன் மவுண்ட் என்ற இடத்தில் பார்க்கலாம். ஆழத்திலிருந்து எழும்பிய உப்புப் பாறை தரையைத் தூக்கி நிறுத்திய மேடு அது. சுற்றிலும் எண்ணெய்க் கிணறுகள்.

ஊதா – பின்னாளில் விமானப் படத்தைப் பார்த்துச் சேர்த்தவை. நேரில் போய்ச் சரிபார்த்தவை அல்ல. அந்த அளவுக்கே நம்புக.

தாளில் இல்லாதது – வரப்பு. அங்குள்ள விவசாயி மட்டம் பார்த்து, சில அங்குல ஏற்றத்தாழ்வுக்கு ஒன்றாக வரப்பை வளைத்து வளைத்துப் போடுவது பழைய முறை. அப்படிப் போட்ட ஒவ்வொரு வரப்பும் ஒரு சமஉயரக் கோடே. லேசர் கொண்டு சமன்படுத்திய வயல்களில் அந்த வளைவுகள் நேராகிவிட்டன. ஐந்தடித் தாளை வைத்து வாய்க்காலுக்கு வழி பார்க்கலாம். வரப்புக்கு வயலில் இறங்கித்தான் மட்டம் பிடிக்க வேண்டும்.