மரபியலில் ஒரு பூனை

வகுப்புக்காகச் சென்ற வாரம் தொல்காப்பிய மரபியலைப் புரட்டினோம். 'குட்டி' என்னும் இளமைப்பெயருக்கு உரியவை எவை எனச் சொல்லும் நூற்பா மூங்கா, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கையும் ஒருங்கே நிறுத்துகிறது. மூங்கா கீரியினம்; வெருகு பூனையினம். தின்பதற்கும் தின்னப்படுவதற்கும் ஒரே பெயர்! பலமுறை நடத்திய பாடந்தான், இப்போதுதான் உறைத்தது.

அதே வாரம் விளாத்திகுளத்து நண்பரொருவர் மாமல்லபுரத்துப் படங்களைக் காட்டினார். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் பாறைச் சிற்பத்தில், அருச்சுனனா பகீரதனா என்று இன்றும் வழக்காடப்படும் தவசியைப் போலவே கைகளை உயர்த்தி நிற்கிறது ஒரு பூனை. அருகே எலிகள். போலித் தவம் என்று ஒரு சொல்லில் மாணவர்க்குச் சொல்லிக் கடந்திருக்கிறோம். ஆனால் மகாபாரத உத்தியோக பருவத்தில் அந்தக் கள்ளப்பூனையின் கதையைத் தருமனிடம் சொல்லுமாறு உலூகனைத் தூதனுப்புகிறவன் துரியோதனன். ஏசியவன் யாரென்பது மறந்துபோயிற்று; பூனைக்குப் பழி மட்டும் நின்றுவிட்டது.

கம்பனோ பாயிரத்தில் பாற்கடலை நக்கப் புகுந்த பூனையாகத் தன்னையே தாழ்த்திக்கொண்டான். அதிலும் நகைப்புண்டு.

நம் கரிசல் மண்ணில், பக்கத்து எட்டயபுரத்தில், 1882இல் பிறந்த பாரதிதான் 'முரசு' பாட்டில் பூனையைத் தாயாக்கினான். வெள்ளைப் பூனை ஈன்ற குட்டிகள் வேறுவேறு நிறம். தாய்க்கு எல்லாம் ஒன்றே. நிறத்தால் மனிதரைப் பிரிப்பாரை நோக்கி, சாதியை மறுக்கும் பாட்டுக்குள் அவன் கொண்டுவந்தது சிங்கத்தையன்று, அடுப்படியில் திரியும் இந்த உயிரை.

அடுத்த வாரம் மரபியலோடு 'முரசை'யும் சேர்த்து நடத்தவிருக்கிறோம்.