சுமை குறைந்த ஆன்டிவைரஸ்: வீட்டுக் கணினிக்கான தேர்வு

சுமை குறைந்த ஆன்டிவைரஸ் என்பது, கணினியின் அன்றாட வேலைகளை உணரத்தக்க அளவுக்குத் தாமதப்படுத்தாமல் தீநிரல்களைத் தடுக்கும் பாதுகாப்பு மென்பொருளைக் குறிக்கும். 4 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் கொண்ட விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்களே இதை அதிகம் தேடுகிறார்கள். விளம்பரங்கள் நிறுவல் கோப்பின் அளவையும் ரேம் பயன்பாட்டையும் காட்டி ‘லைட்’ என்று விற்கின்றன. இவ்விரண்டையும் வைத்துச் சுமையை மதிப்பிட முடியாது. மென்பொருள் எந்தெந்த நேரத்தில் குறுக்கிடுகிறது, கூடவே எத்தனை துணைச் சேவைகளை ஓடவிடுகிறது என்பதே உண்மையான அளவுகோல். அப்படிப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் புதிதாக ஒன்றை நிறுவுவதற்கு முன்பு, ஏற்கெனவே இருப்பதை ஒழுங்குபடுத்துவதே முதல் வேலையாகிறது.

சுமை எங்கிருந்து வருகிறது

ஆன்டிவைரஸின் உயிர்நாடி நிகழ்நேரக் காவல். ஒரு கோப்பைத் திறக்கும்போதும் எழுதும்போதும் அந்தக் கோரிக்கை ஒரு வடிகட்டி டிரைவர் வழியாகப் போகிறது. பரிசோதனை முடிந்த பிறகே கோப்பு திறக்கும். ஒருமுறை பார்த்த கோப்பு மாறாமல் இருந்தால் அதை மறுபடி பார்க்காதிருக்க நல்ல தயாரிப்புகள் குறிப்பு வைத்துக்கொள்கின்றன. அதனால் தினமும் திறக்கும் வேர்டு கோப்பில் தாமதம் தெரிவதில்லை. பெரிய மென்பொருளை நிறுவும்போது, ஜிப் கோப்பைப் பிரிக்கும்போது, பென்டிரைவிலிருந்து ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை நகலெடுக்கும்போதுதான் கணினி திணறும். சுழலும் ஹார்ட் டிஸ்க், சிதறிக் கிடக்கும் இடங்களிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 100 முறைதான் படிக்க முடியும். எஸ்எஸ்டி பல்லாயிரம் முறை படிக்கும். கணினி திணறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்பதையும், பட்டியலின் உச்சியில் ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்’ என்ற பெயர் இருப்பதையும் காணலாம். பழி, அந்தப் பெயரில் இயங்கும் விண்டோஸின் உள்ளமைந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் மீது விழும்; ஆனால் நெரிசல் டிஸ்க்கில் இருக்கிறது. இத்தகைய கணினியில் எஸ்எஸ்டி பொருத்துவது தரும் வேகத்தை எந்த ஆன்டிவைரஸ் மாற்றமும் தராது.

சோதனைகள் காட்டுவது

ஜெர்மனியின் மாக்டபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட் சோதனைக்கூடம், பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை ஆகிய மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண் வழங்குகிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கிலிருந்து இயங்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், கோப்பு நகலெடுப்பு, நிறுவல், பதிவிறக்கம், இணைய உலாவல் போன்ற வேலைகளில் ஏற்படும் தாமதத்தைத் தனித்தனியே அளக்கிறது. மைக்ரோசாஃப்டின் அன்றைய இலவச ஆன்டிவைரஸான செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் 2012இன் இறுதியில் நடந்த ஏவி-டெஸ்ட் தேர்வில் சான்றிதழ் பெறத் தவறியது. ‘மைக்ரோசாஃப்ட் தருவது உதவாது’ என்ற எண்ணம் வேரூன்றியது அந்தக் காலத்தில்தான். 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸாக உள்ளேயே வருகிறது. 2019இல் அதே ஏவி-டெஸ்டில் 18க்கு 18 வாங்கியது. ஆகவே பாதுகாப்பைக் காரணம் காட்டி அதை ஒதுக்குவது இன்று பொருந்தாது.

வேகத்தைக் காரணம் காட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஏவி-கம்பேரட்டிவ்ஸின் வேகச் சோதனைகளில் ஈசெட், மெக்காஃபி போன்றவையும், 1991 முதல் சென்னையில் இயங்கிவரும் கே7 நிறுவனத்தின் தயாரிப்பும் டிஃபெண்டரைப் பலமுறை முந்தியிருக்கின்றன. அப்படியானால் அவற்றில் ஒன்றை நிறுவிவிடலாமே என்று கேட்கலாம். நிறுவலாம், வேறொரு நிகழ்நேரக் காவல் வந்ததும் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் சந்தையில் ஆன்டிவைரஸ் தனியாகக் கிடைப்பது அரிது. விபிஎன், குப்பைநீக்கி, பிரவுசர் நீட்சி, கடவுச்சொல் பெட்டகம் என ஒரு கூட்டமே கூட வந்து, கணினி தொடங்கும்போதே எழுந்துகொள்கிறது. சோதனைக்கூடத்தில் கிடைத்த வேகம் வீட்டில் காணாமல் போவதற்கு இவை ஒரு முக்கியக் காரணம். இலவசப் பதிப்புகளுக்கு வேறொரு விலையும் உண்டு: பயனர்களின் உலாவல் தரவை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2024இல் உத்தரவிட்டது.

மேகத்தை நம்பும் தயாரிப்புகள்

தீநிரல்களின் அடையாளப் பட்டியலின் பெரும்பகுதியைச் சர்வரிலேயே வைத்துக்கொண்டு கணினியில் சிறு நிரலை மட்டும் நிறுத்துவது சுமையைக் குறைக்கும் மற்றொரு வழி. நிலையான பிராட்பேண்ட் உள்ள வீட்டுக்கு இது பொருந்தும். இணையம் இல்லாதபோது கண்டறியும் திறன் சரிவதால்தான், ஏவி-கம்பேரட்டிவ்ஸ் இணையத்தோடும் இணையமின்றியும் கிடைத்த முடிவுகளைத் தனித்தனியே வெளியிடுகிறது. நம் ஊரில் ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் ஃபோல்டர்கள் மறைந்து, அதே பெயரில் ஷார்ட்கட்கள் மட்டும் நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்த ஷார்ட்கட்டைச் சொடுக்கும் நேரத்தில் நெட் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டை அவ்வப்போது இணைத்துப் பயன்படுத்தும் வீடுகளுக்கு, அடையாளப் பட்டியலைக் கணினியிலேயே வைத்திருக்கும் தயாரிப்புதான் ஏற்றது.

ஆன்டிவைரஸே வேண்டாம் என்றால்?

அப்டேட்டுகள் ஒழுங்காக இருந்தால் ஆன்டிவைரஸே தேவையில்லை என்று வாதிடுவோர் உண்டு. அவர்களிடம் வலுவான சான்றும் இருக்கிறது. 2017 மே 12 அன்று பரவிய வன்னாகிரை என்ற கணினிப் புழு பயன்படுத்திய ஓட்டையை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே அடைத்திருந்தது. அந்த அப்டேட்டைப் போட்ட கணினிகளுக்குள் அந்தப் புழுவால் அதே வழியில் தானாக நுழைய முடியவில்லை. அதோடு, உயர்ந்த அதிகாரத்தோடு இயங்குவதால் ஆன்டிவைரஸே ஆபத்தாகவும் மாறலாம். 2010 ஏப்ரலில் மெக்காஃபியின் ஒரு தவறான அப்டேட் விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பொன்றை வைரஸ் என்று எண்ணி முடக்கியதால் ஏராளமான கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. ஆனாலும் இந்த வாதம் பாதி தூரமே செல்லும். ஓட்டை எதுவும் தேவைப்படாமல், பயனரே சொடுக்கித் திறக்கும் போலி இன்வாய்ஸையோ திருட்டு மென்பொருளையோ அப்டேட் தடுக்காது. அங்கே ஒரு காவல் வேண்டும், ஒன்றே போதும்.

தேர்வு முறை

எனவே தேர்வுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அப்டேட் கிடைக்கும் விண்டோஸ் இருக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, அந்த இடைவெளியை எந்த ஆன்டிவைரஸும் நிரப்பாது. அடுத்து, காலாவதியான சோதனைப் பதிப்புகளையும் குப்பைநீக்கிகளையும் அகற்றி, டிஃபெண்டரை மட்டும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். திட்டமிட்ட ஸ்கேனின்போது அது ப்ராசஸரில் சராசரியாக 50 சதவீதத்துக்குள் நிற்கும்படியே இயல்பாக அமைக்கப்பட்டுள்ளது. இந்த வரம்பை இன்னும் குறைக்கலாம். வேகத்துக்காக டவுன்லோட்ஸ் ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர்ப்பது மட்டும் கூடாது. தீநிரல் முதலில் வந்து இறங்குவது அங்கேதான். இதற்குப் பிறகும் கணினி தடுமாறினால், கட்டணத் தயாரிப்பொன்றின் அடிப்படைப் பதிப்பைச் சோதனைக் காலத்தில் நிறுவி, ஒரே ஃபோல்டரை நகலெடுக்க முன்பும் பின்பும் ஆகும் நேரத்தை ஒப்பிடலாம். காவல் விழித்திருக்கிறதா என்பதை ஐகார் என்ற 68 எழுத்துச் சோதனைக் கோப்பைக் கொண்டு தீங்கின்றிச் சரிபார்க்கலாம். நேரம் குறைந்து, ஐகாரும் பிடிபட்டால் மட்டுமே புதிய தயாரிப்புக்குப் பணம் கட்டுவதில் பொருளுண்டு.