தெளிந்த வட்டம் கூறும் உண்மை

பெனிசிலினைக் குறைந்த அளவில் உட்கொண்டால் பற்றீரியா அதனை எதிர்த்து நிற்கப் பழகிவிடும் என அலெக்சாண்டர் பிளெமிங் 1945இல், நோபல் பரிசுரையிலேயே எச்சரித்தார். பலிக்கும் மருந்தை அறியும் வழியும் எளியதே. பற்றீரியா பரப்பிய அகார்த் தட்டில் மருந்து தோய்த்த காகித வட்டுக்களை வைப்பர். மறுநாள் வட்டைச் சுற்றித் தெளிந்த வட்டத்தின் அகலமே மருந்தின் வலிமையைக் கூறும். 1966இல் பவர், கேர்பி முதலியோர் இம்முறையைச் செம்மைப்படுத்தினர்.

ஆயினும், சோதனையின்றி மருந்தை விற்கும் வணிகம் ஓயவில்லை. கார்பாபெனம் என்னும் வலிய மருந்தையும் சிதைக்கும் நொதியை, 2010இல் வெளியான கார்த்திகேயன் குமாரசாமி குழுவினரின் ஆய்வு சென்னையில் 44 பற்றீரியா மாதிரிகளிலும் பிரித்தானியாவில் 37 மாதிரிகளிலும் கண்டது. நோய்க்கிருமிக்கு எல்லைகள் இல்லை. தன்னாமுனை வாவியில் வலைவீசுவோனுக்கும் இச்சோதனை உரிமையாதல் வேண்டும். அதனைக் கோருவது நமது கடமை.