ஏழைச் சிறாரும் பள்ளியும்: ஜவ்வாது மலையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடப்பது ஜவ்வாது மலை. இம்மலையிலுள்ள காவலூரில் 1986-ஆம் ஆண்டு 2.34 மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கி ஒன்று வைணு பாப்பு என்னும் வானியல் அறிஞரின் பெயரைப் பெற்றது. விண்மீன்களை அளந்தறியும் கருவி மலையேறிவிட்டது. அதே மலையில் சாமைக் கொல்லைகளின் நடுவே வளரும் பிள்ளையிடம் பள்ளி உண்மையில் சென்று சேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

இங்கு வாழும் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. அவர்கள் பேசுவதும் தமிழே. எனவே வீட்டுமொழி வேறு, பாடமொழி வேறு என்னும் இடர்ப்பாட்டை இங்கு முதற்காரணமாகக் காட்ட இயலாது. பிள்ளைகள் இடையில் நின்றுவிடுவதற்குப் பெற்றோரின் அசட்டையே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. நாமும் அவ்வாறு சொன்னதுண்டு. ஒரு மாசி மாதம் இறையியல் மாணவருடன் மலைக்குச் சென்றிருந்தபோது, மகனை ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று ஒரு தாயிடம் கேட்டோம். "புளி உதுந்துபோனா பள்ளிக்கூடம் வந்து பொறுக்கித் தருமா, ஐயா?" என்றார் அவர். எம்மிடம் விடையில்லை.

ஏழைப் பிள்ளையின் வாழ்க்கைக்கேற்பப் பள்ளி தன்னை மாற்றிக்கொண்ட காலங்களிலேயே ஏழைக்கல்வி முன்னேறியது என்பது வரலாற்றை நோக்குகையில் நமக்குப் புலனாகின்றது. 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் புளூட்சோவும் அடுத்த ஆண்டே பள்ளி தொடங்கினர். பெண்பிள்ளைகளுக்கும் அங்கு இடமிருந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே 1695-இல் ஏழைச் சிறாருக்காகத் தொடங்கிய பள்ளியே அவர்களுக்கு முன்மாதிரி. பசித்த பிள்ளைக்கு முதலில் சோறிட வேண்டும் என்பதை அங்கு அவர்கள் கற்றிருந்தனர். 1956-இல் காமராசரும், 1982-இல் எம்.ஜி.ஆரும் மதிய உணவைப் பரந்த அளவில் பள்ளிக்குள் கொண்டுவந்தனர் என்பதை யாவரும் அறிவோம்.

உணவு பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துவரும். கற்பிக்கும் முறையே அவனை அங்கு நிறுத்தும். 1789-இல் சென்னை எழும்பூரில், படைவீரரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதியின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக் குருவானவர். நம் திண்ணைப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். தம் ஆசிரியர்கள் இம்முறையை ஏற்கத் தயங்கவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு இளையோருக்கு எழுத்துக் கற்பித்தார். நம்மவர் சட்டாம்பிள்ளை என்று அழைத்தவனே பின்னர் ஐரோப்பியக் கல்வி நூல்களில் இடம்பெற்றான். 1797-இல் பெல் லண்டனில் வெளியிட்ட நூலால் 'மதராஸ் முறை' பரவியது. ஆனால் ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரை மலிவாகப் பயிற்றுவிக்கும் வழியாக அது அங்குச் சுருங்கிற்று. மணலில் எழுதிய பிள்ளையின் அருமையைக் காட்டிலும் சிக்கனமே பலருக்குப் பெரிதாய்த் தோன்றியது போலும்.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், ஜவ்வாது மலையின் அடிவாரத்தையும் உள்ளடக்கியிருந்த அன்றைய வேலூர் மாவட்டத்தில் இதே சிக்கல் மீண்டும் எழுந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகப் பிள்ளைகள் பீடி சுற்றிய மாவட்டம் அது. 1990-களில் அங்கு ஆட்சியராயிருந்த எம்.பி. விஜயகுமார் கொத்தடிமைச் சிறாரை மீட்டுப் பள்ளியில் சேர்க்க முயன்றபோது, பத்து வயதுப் பிள்ளையை ஆறு வயதினரோடு அமர்த்தி ஒரே பாடத்தை ஒப்பிக்கச் செய்வது பயன்படவில்லை. மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலி நிறுவனம் சுற்றுக் கிராமங்களின் ஏழைப் பிள்ளைகளுக்கென உருவாக்கியிருந்த முறையை அவர் நாடினார். பாடம் சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு ஓர் ஏணியின் படிகளாக அடுக்கப்படும். ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் தன் வேகத்தில் ஏறும். ஆசிரியர் பிள்ளைகளோடு தரையில் பாயில் அமர்வார். கரும்பலகை அவர்கள் கையெட்டும் உயரத்திற்கு இறங்கிவிடும்.

இம்முறையில் நம் கவனத்தை மிகுதியும் ஈர்ப்பது ஒன்றுண்டு. இரண்டு மாதம் வராத பிள்ளை திரும்பி வரும்போது வகுப்பு அவனைவிட்டுக் கடந்து சென்றிருக்காது. அவன் விட்டுச்சென்ற படி அவனுக்காக அங்கேயே காத்திருக்கும். புளிக்கும் சாமைக்கும் ஏற்ப நாட்களை எண்ணும் குடும்பத்தின் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நாம் கண்டதில்லை. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-இல் மாநிலமெங்கும் பரவியது. பரவிய வேகத்தில் அதன் உயிர் சற்றே குன்றியது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அட்டைகள் பீரோவில் உறங்கிய பள்ளிகளும் உண்டு. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்ததில் அவ்வேணியின் சாயலைக் காண்கிறோம்.

மலையிலோ அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும், வனத்துறை நடத்திவந்த பள்ளிகளும் உள்ளன. பெற்றோர் பிழைப்புக்காகச் சமவெளிக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் இறங்கிச் செல்கையில் பிள்ளை தங்கிப் பயில உறைவிடம் உதவுகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் முதற்கட்டத்திலேயே மலைப்பகுதிப் பள்ளிகளும் சேர்க்கப்பட்டன. இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட இருபதின்மருள் இம்மலையைச் சேர்ந்தோரும் இருந்தனர். செம்மரம் வெட்டச் சென்றோர் என்று அவர்கள் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அவர்கள் எத்தனாம் வகுப்பில் பள்ளியை விட்டனர் என்று அன்று எந்த மேடையிலும் எவரும் கேட்டதாக நமக்கு நினைவில்லை. நம் பிரசங்க பீடங்களிலும் கேட்கப்படவில்லை.

தரங்கம்பாடியின் வழிவந்தோர் எனப் பெருமை கொள்ளும் நம் சபைகளின் பள்ளிகள் பல இன்று நகரத்துப் பெற்றோரின் கட்டணத்தால் வாழ்கின்றன. 2024 பிப்ரவரியில், புலியூர் மலைக்கிராமத்தைச் சேர்ந்த ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதித் தேர்வில் வெற்றி பெற்றபோது நாடே பாராட்டியது. பிள்ளை பெற்ற ஓரிரு நாளில் சென்னைக்குப் பயணம் செய்து தேர்வெழுதியவர் அவர். அவர் பள்ளிக்கல்வி பெற்றதோ ஜவ்வாது மலையில் அன்று, ஏலகிரியில்.