குவார்ட்ஸ் வந்தப்போ சுவிஸ் பட்டறைகளுக்கு என்ன ஆச்சு?

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைக் கடைக்கு முதலில் கொண்டுவந்தது யாரு? ஜப்பான்தான். 1969 கிறிஸ்துமஸ் அன்று செய்கோ நிறுவனம் ஆஸ்ட்ரானை விற்பனைக்கு வைத்தது. ஆனா அதுக்கு இரண்டு வருஷம் முன்னாடியே, 1967-ல், சுவிட்சர்லாந்தின் நூஷாத்தெல் நகர ஆய்வுக்கூடம் ஒன்று குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் மாதிரியைச் செய்து முடித்திருந்தது. அந்த ஆய்வுக்கூடத்துக்குப் பணம் போட்டதே சுவிஸ் கடிகார கம்பெனிகள்தான்!

அப்புறம் ஏன், 1970-ல் சுமார் 90,000 பேர் வேலை பார்த்த தொழிலில், 1980-களின் நடுவில் 30,000 சொச்சம் பேர்தான் மிஞ்சினார்கள்?

ஜூரா மலைப்பகுதியில் பெரும்பாலான கடிகாரங்கள் ஒரே ஆலையில் உருவாகவில்லை. ஒரு பட்டறையில் ஸ்பிரிங், இன்னொண்ணுல பல்சக்கரம், வேறொரு இடத்தில் டயல். எல்லாத்தையும் வாங்கிக் கோர்த்து, தன் பெயரைப் போட்டு விற்பவர் தனி. ஊரே ஒரு தொழிற்சாலை. 1930-களின் மந்தத்தில் விலைச் சண்டையைத் தடுக்க அரசு சட்டமே போட்டது: புதுப் பட்டறை திறக்க, இருப்பதைப் பெரிதாக்க அனுமதி வேணும். 1960-களில்தான் இது படிப்படியாகத் தளர்ந்தது. சின்னப் பட்டறைகளை அந்தச் சட்டம் காப்பாத்துச்சு. கூடவே, பெரிய அளவில் உற்பத்தி செய்யும் கம்பெனி வளர்வதையும் கஷ்டமாக்கிடுச்சு.

சாஃப்ட்வேர்காரனா எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். இன்றைய வழக்கமான குவார்ட்ஸ் கடிகாரத்தின் படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிரும். அதை 15 தடவை பாதியாக்கினா சரியா 1. பாதியாக்குவது ஒரு சிப். தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் இருந்த துல்லியம் சர்க்யூட்டுக்குள்ள போயிடுச்சு. பிராண்ட் வச்சிருப்பவர் சிப்பை வெளியில வாங்கிக்கலாம். ஸ்பிரிங் பட்டறைக்காரர் என்ன செய்வார்? போதாக்குறைக்கு, 1970-களில் ஃபிராங்க் மதிப்பும் ஏறி, ஏற்றுமதி விலையை உயர்த்தியது.

கடன் கொடுத்த வங்கிகள் கடைசியில் தலையிட்டன. நிக்கோலஸ் ஹாயெக் ஆலோசனையில் இரண்டு பெரிய குழுமங்கள் 1983-ல் இணைந்தன. அதே வருஷம் ஸ்வாட்ச் வந்தது: பிளாஸ்டிக் உடம்பு, 51 பாகங்கள், தானியங்கி அசெம்பிளி. இன்னொரு பக்கம், மெக்கானிக்கல் கடிகாரத்தையே ஆடம்பரப் பொருளாக்கிச் சிலர் பிழைத்தார்கள்.

இரண்டு வழியுமே ஜெயிச்சது. ‘சுவிஸ் கடிகாரம்’ என்ற பெயர் தப்பிச்சது. மூடிய பட்டறைகள் பலதும் மூடினதுதான். அதனால ஒரு கிளஸ்டர் மீண்டுச்சுன்னு யாராவது சொன்னா, மீண்டது யாருன்னு நான் திருப்பிக் கேட்பேன்.

உங்க ஊர்த் தொழிலிலும் இப்படி நடந்திருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.