குதிரை என்ன விலை?

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால இந்த வாரம் ஒரு சரித்திரப் பதிவு. அதுக்கு முன்னாடி சின்னதா ஒரு கொசுவர்த்தி.

மன்னார்குடி பக்கத்துல இருக்குற எங்க சித்தப்பா ரேக்ளா ஆசையில ஒரு மட்டக்குதிரை வாங்கி வச்சிருந்தார். முட்டிவலி வந்ததும் வித்துடலாம்னு முடிவு பண்ணி, நாலு பேர்கிட்ட சொல்லி நம்பரையும் குடுத்தார். அவ்வளவுதான், போன் ஓயவே இல்லை. "குதிரை என்ன விலை?" "கடைசியா என்ன குடுப்பீங்க?" "போட்டோ அனுப்புங்க." அனுப்பினா அதோட சரி, ஆளைக் காணோம். நேர்ல வந்த ரெண்டு மூணு பேரும் பல்லைப் பிடிச்சுப் பார்த்து, சுழி சரியில்லைன்னு சொல்லி, காபி குடிச்சுட்டுப் போயிட்டாங்க. ஒரு ஆள் பையனைக் கூட்டிட்டு வந்து ரெண்டு ரவுண்டு ஏத்திவிட்டுட்டு, "யோசிச்சு சொல்றேன் மாமா"ன்னுட்டுப் போனார். ரெண்டு மாசமாச்சு. கொள்ளும் புல்லும் மட்டும் தினமும் தவறாம செலவாயிட்டே இருந்துச்சு.

"விக்காத பைக்குன்னா மூலையில கிடக்கும். இது தின்னுக்கிட்டே நிக்குதுடா தம்பி"ன்னார் சித்தப்பா.

அந்த வார்த்தைதான் என்னைப் படிக்க வச்சது. இந்தப் பிரச்சினையை அந்தக் காலத்துக் குதிரை வியாபாரிங்க எப்படித்தான் சமாளிச்சிருப்பாங்க?

முதல்ல ஒண்ணு. நம்ம டெல்டா குதிரைக்கான பூமி இல்லை. வயல், சேறு, ஈரம். யானைக்கும் மாட்டுக்கும் ஒத்துவரும், குதிரைக்கு வராது. அதனால எப்பவுமே வெளியிலேர்ந்து வந்த சரக்குதான். காவிரிப்பூம்பட்டினத்துல கடல்வழியா வந்த குதிரைகளைப் பத்திப் பட்டினப்பாலை சொல்லுது. சோழர் காலக் கல்வெட்டுகள்ல மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வர்றாங்க. மலைமண்டலம்னா இன்னிக்குக் கேரளா.

சோழ அரசு 1279 வாக்கில் முடிஞ்சு, தஞ்சாவூர் சீமையும் பாண்டியர் கைக்குப் போயிருந்த நேரம். அப்ப இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, ராஜா வருஷத்துக்கு ரெண்டாயிரம் குதிரைக்கு மேல வாங்குறார், வருஷக் கடைசியில நூறு கூட மிஞ்சறதில்லைன்னு எழுதியிருக்கார். பராமரிக்கத் தெரிஞ்ச ஆள் இல்லை, அப்படிப்பட்ட ஆட்களை வியாபாரிங்க வரவும் விடறதில்லைங்கறது அவர் சொல்ற காரணம். ஒரு குதிரைக்கு 220 தினார்னு பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் கணக்கு தர்றார். வழியில செத்துப்போன குதிரைக்கும் அரசுக் கருவூலத்துலேர்ந்து பணம் வந்துடுமாம்!

ரெண்டு நூற்றாண்டு கழிச்சு விஜயநகரத்து சாளுவ நரசிம்மர் (1485-1491) காலத்துக் கதை இன்னும் ஜோர். போர்ச்சுகீசியர் நூனிஸ் எழுதியது. உயிரோட இருந்தாலும் செத்துப்போயிருந்தாலும் மூணு குதிரைக்கு ஆயிரம் பர்தாவ் பொன். கடல்ல செத்த குதிரையோட வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாப் போதும், பணம் கிடைச்சுடும்.

ராஜா ஏமாளி இல்லீங்க. ஹோர்முஸ்லேர்ந்து கடல் தாண்டி வர்றவன்கிட்ட "பார்த்து சொல்றேன்"னு இழுத்தடிச்சா, அடுத்த வருஷம் அவன் கப்பல் வேற துறைமுகத்துக்குப் போயிடும், குதிரையும் எதிரி லாயத்துக்குப் போயிடும். விக்கிறவனோட நேரத்துக்கு விலை உண்டுன்னு தெரிஞ்ச ஆள் அவர்.

சரி, ராஜா இல்லாத சாதாரண பேரத்துல?

அதுக்கும் வழி வச்சிருந்தாங்க. வர்த்தேமாங்கற இத்தாலிக்காரரோட பயண நூல் 1510ல வெளியாச்சு. கோழிக்கோட்டுல தரகர் துணிக்கு அடியில விரலைத் தொட்டு விலை பேசுறதை அதுல சொல்றார். நம்ம மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள கைவிட்டுப் பேசுறதும் இதேதான். விலையை மறைக்கத்தான் துண்டுன்னு நினைச்சுட்டிருந்தேன். இன்னொரு வேலையும் அது பண்ணுது. சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன் "என்ன விலை?"ன்னு குரல் குடுக்கவே முடியாது. கையை நீட்டினாத்தான் பேச்சே.

மூணாவது விஷயம் திருவிளையாடல்ல இருக்கு. குதிரை வாங்கப் பாண்டியன் குடுத்த பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில சிவப்பணிக்குச் செலவழிச்சுடுறார். அது இன்னிக்கு ஆவுடையார்கோயில், எங்க டெல்டாவோட தென்கோடி. அப்புறம் சிவனே குதிரை வியாபாரியா மதுரைக்கு வர்றார். வந்தவர் மறக்காம ஒண்ணு பண்றார்: கயிறு மாத்துறார். கயிறு கை மாறின பிறகு குதிரைக்கு எது நடந்தாலும் வாங்கினவன் பொறுப்பு. ராத்திரி குதிரையெல்லாம் நரியா மாறினப்போ, வியாபாரியைக் கேக்க ராஜாவுக்கு வழியில்லை. பாவம், அடி வாங்கினது மாணிக்கவாசகர்தான் :-) கதை எப்படியோ போகட்டும், அந்த வழக்கம் நிஜச் சந்தையோட வழக்கம். பேச்சு எங்க முடியுதுங்கறது ரெண்டு பேருக்கும் சந்தேகமில்லாமத் தெரியும்.

இந்த மூணுலயும் ஒரே சங்கதிதான். கேக்குறவனும் எதையாவது பணயம் வைக்கணும். பணமோ, நீட்டின கையோ, பிடிச்ச கயிறோ. இப்ப போன்ல கேக்க ஒண்ணுமே செலவில்லை, அதான் எல்லாரும் கேக்குறாங்க. கேக்குறவங்க கெட்டவங்க இல்லை. குதிரையைப் பார்த்தா யாருக்குத்தான் ஆசை வராது? ஆனா அந்த ஆசைக்கான கொள்ளுச் செலவு சித்தப்பா தலையில.

இதையெல்லாம் ஒருநாள் ராத்திரி அவர்கிட்ட சொன்னேன். திண்ணையில உக்காந்து கேட்டுட்டு ஒண்ணும் சொல்லலை. மறுநாள்லேர்ந்து போன் பண்றவங்ககிட்ட விலையை ஒரே ஒரு தடவை சொன்னார். அப்புறம், "பார்க்க வர்றப்ப புதுக் கயிறு ஒண்ணு கையோட வாங்கிட்டு வாங்க தம்பி"ன்னார்.

நூறு ரூபா கூட ஆகாத கயிறு. போன் பாதிக்கு மேல குறைஞ்சு போச்சு.

பத்து நாள் கழிச்சு பேராவூரணி பக்கத்துலேர்ந்து ஒருத்தர் வந்தார். தோள்ல புதுக் கயிறு. சுழி பார்த்தார், பல் பார்த்தார், கொஞ்சம் குறைச்சுக் கேட்டார், சித்தப்பாவும் கொஞ்சம் விட்டுக்குடுத்தார். அரைமணி நேரத்துல கயிறு மாறுச்சு.

பழைய கயிறு இன்னும் கொட்டகை ஆணியில தொங்குது. சித்தி அதை எடுத்துப் போடச் சொல்லிட்டே இருக்காங்க. சித்தப்பா கேக்குற மாதிரி தெரியலை.