ஆளுக்கேற்ற மோட்டார் சைக்கிள்



அரசர்களுக்கும் போர்களுக்கும் மட்டுமன்று, நாள்தோறும் நாம் கையாளும் பொருள்களுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றை மறந்தவன் சில வேளைகளில் கீழே விழவும் நேரும். அப்படி விழுந்தவன் நான். அக்கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கருநாடக எல்லையை ஒட்டி, பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஓசூர். ஒரு காலத்தில் உழவும் சந்தையுமே இவ்வூரின் வாழ்வு. 1971இல் நிறுவப்பெற்ற சிப்காட், பின்தங்கிய பகுதிகளில் தொழிலை வளர்க்க முற்பட்டபோது ஓசூரின் முகம் மாறியது. 1980இல் இங்கிருந்து டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் வெளிவந்தது. 50 சி.சி. எஞ்சின்; ஆயினும் இருவர் அமரலாம். பால்காரரும் பூ வணிகரும் பள்ளி ஆசிரியரும் அதில் ஏறினர். 1984இல் சுசுகியின் கூட்டுறவோடு 100 சி.சி. மோட்டார் சைக்கிளும் வந்தது. அந்நாளில் வண்டி வாங்குவோர் கேட்டவை இரண்டே: விலை என்ன? ஒரு லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடும்? ஓட்டுபவனின் உடலுக்கு வண்டி பொருந்துமா என்று எவரும் கேட்டதில்லை. வண்டிக்கு ஏற்ப மனிதனே வளைந்துகொண்டான்.

இளம் ஆசிரியனாக இருந்த நான் ஓட்டியது பழைய புல்லட். 1955இல் சென்னையில் தொடங்கப்பெற்ற என்பீல்டு இந்தியா நிறுவனம் ஆங்கில நாட்டு அமைப்பிலேயே அதைச் செய்து வந்தது. அதில் வலக்காலுக்குக் கியர், இடக்காலுக்குப் பிரேக். உலகின் பிற பகுதிகளில் இது மாறிற்று. 1970களின் நடுவில் அமெரிக்கா, கியர் இடப்புறமும் பிரேக் வலப்புறமும் இருத்தல் வேண்டும் என விதி செய்தது. அப்பெருஞ்சந்தையை இழக்க விரும்பாத தொழிற்சாலைகள் அவ்வழி நின்றன. நம் புல்லட்டோ அதன் பின்னரும் பல்லாண்டுகள் பழைய முறையிலேயே ஓடியது.

நான் வண்டியை விட்டு முப்பது ஆண்டுகள் கழிந்தன, உடலும் பருத்தது. ஓய்வு பெற்றபின் கிருஷ்ணகிரி அணைவரை மீண்டும் வண்டியில் சென்றுவர ஆசை பிறந்தது. நண்பர் ஒருவரின் புதிய வண்டியை வெற்றுத்திடலில் ஓட்டிப் பார்த்தேன். நிறுத்த எண்ணி, பழைய நினைவில் இடக்காலை அழுத்தினேன். கியர் இறங்கியதேயன்றி வண்டி நிற்கவில்லை. வேலியில் மோதி விழுந்தேன். அறிவு மறந்ததைக் கால் மறக்கவில்லை!

அதன் பின்னரே பொறுமையாக ஆராய்ந்தேன். குரூசர் எனப்படும் வகை, அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் வளர்ந்தது. இருக்கை தாழ்ந்தும், கைப்பிடி அகன்றும், கால் வைக்குமிடம் முன்தள்ளியும் இருக்கும். பருத்த உடலினர் முழங்காலை மடக்காமல் அமரலாம். ஆனால் ஒரு குறையும் உண்டு. கால்கள் முன்னே நீண்டிருப்பதால் உடற்பாரம் முழுவதும் இருக்கையில் இறங்கும்; பள்ளத்தின் அதிர்ச்சி நேரே முதுகுத்தண்டைத் தாக்கும்.

2020இல் வந்த ராயல் என்பீல்டு மீட்டியரின் இருக்கை உயரம் 765 மில்லிமீட்டர். எடை 191 கிலோ. ஓசூரில் தொழிற்சாலை கொண்ட டி.வி.எஸ். நிறுவனம் 2022இல் வெளியிட்ட ரோனின், 795 மில்லிமீட்டர் உயரமும் சுமார் 160 கிலோ எடையும் உடையது. முன்னதில் கால் எளிதாகத் தரையில் ஊன்றும். பின்னதைத் தள்ளி நிறுத்துதல் எளிது. எது சிறந்தது என்பதை விளம்பரம் சொல்லாது. உங்கள் காலும் இடுப்புமே சொல்லும். இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிகின்றனவா, எஞ்சினை நிறுத்திய வண்டியைத் தனியே பின்னுக்குத் தள்ள முடிகிறதா, பின் ஸ்பிரிங்கை உங்கள் எடைக்கேற்ப இறுக்க முடியுமா என்று பாருங்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டாமல் காக்கும் பிரேக் அமைப்பு கட்டாயம். பழைய வண்டியை வாங்குவோர் அதையும் கவனித்தல் நன்று.

நான் ஒரு திங்கள் திடலிலேயே பழகினேன். இடக்கால் புதிய பாடத்தைக் கற்ற பின்னரே சாலைக்கு வந்தேன். ஐம்பது சி.சி.யில் தொடங்கிய ஓசூர், இன்று ஆளுக்கேற்ற வண்டியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நமக்குத் தந்துள்ளது. அவ்வுரிமையை ஆராய்ந்து பயன்படுத்துவது நம் கடமை. அனுபவம் பெரிது, ஆனால் காலம் மாறியதை அறியாத அனுபவம் ஆபத்தானது. உங்கள் வீட்டுப் பெரியவர் மீண்டும் வண்டி ஏற விரும்பினால் தடுக்காதீர்கள். முதலில் ஒரு திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள்.